புளியமரத்தடி ஹோட்டல்

பிள்ளைகளே, நாம் இப்போது குடியிருக்கும் இந்தத் தெரு, எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தெருவே இல்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கி வெகுதூரம் நடந்தால், வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவே வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். அப்படி இரண்டு கல்லுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு அப்பா, "இது ஹாலு. இங்க ஜன்னல். காத்து பிச்சிக்கிட்டு வரும்" என்றார்.

அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். "பக்கத்து வீட்ல யாருங்க? நரியா?"

அப்போது நாங்கள் இரும்புலியூரில் வாடகைக்கு இருந்தோம். அன்று சாயங்காலத்துக்குள் தரகரிடம் பதில் சொல்லாவிட்டால் மனை வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மா சம்மதிக்காமல் அப்பா வாங்கமாட்டார். அம்மாவோ சம்மதிப்பதாக இல்லை.

திரும்பும்போது உச்சிவெயில். ஏரிக்கரை கானலில் நெளிந்துகொண்டிருந்தது. பசியில் எனக்கு நடப்பதே மிதப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் எங்கிருந்தோ பூண்டு ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. அந்தப் பொட்டலில் யார் ரசம் வைப்பார்கள்? கனவு என்றே நினைத்தேன். ஆனால் அப்பாவும் மூக்கைத் தூக்கி முகர்ந்தார். வாசனையைப் பிடித்துக்கொண்டே மூவரும் நடந்தோம்.

ஒரு புளியமரம். அதன் நிழலில் கீற்றுக்கொட்டகை. வெளியே செங்கல் லாரிகள் நின்றன. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே புகையும் ஆவியும் கலந்திருக்க, கீற்று ஓட்டைகள் வழியாக இறங்கிய வெயில் அதில் தூண் தூணாக நின்றது. அடுப்பருகே பனியனோடு ஒருவர் நின்று கிண்டிக்கொண்டிருந்தார். பரிமாறியது அவர் மனைவி. ஆண் சமைப்பதை அம்மா கண்கொட்டாமல் பார்த்தாள்.

"வாம்மா, குந்து. சோறு இப்பதான் வடிச்சிகீது" என்றாள் அந்தக் கடைக்கார அக்கா.

இலையில் சோறு விழுந்தது. அப்பா சாம்பாரை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்ததுதான் தாமதம், அம்மா தன் இலையை அப்படியே விட்டு எழுந்து, பெஞ்சிலிருந்த ரசவாளியைத் தூக்கி அவருக்கு ஊற்றத் தொடங்கிவிட்டாள். பழக்கதோஷம். ஹோட்டலில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"அக்கா, அப்டியே நமக்கும் ரெண்டு கரண்டி ஊத்து!" என்றார் எதிரிலிருந்த லாரி டிரைவர். கொட்டகையே சிரித்தது. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

கடைக்கார அக்கா வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னாம்மா நீ, என் பொழப்புல கை வெக்கிற! குந்து. நான் எதுக்குக் கீறேன்?"

தோளைப் பிடித்து அம்மாவை உட்காரவைத்து, ஆறிப்போனதை ஒதுக்கிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றைப் புதிதாகப் போட்டாள். அம்மா விரலை வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"சூடு" என்றாள், யாரையும் பார்க்காமல்.

வீட்டில் எங்களுக்கெல்லாம் போட்டு முடித்து, கடைசியில் ஆறிய சோற்றைத்தான் அம்மா சாப்பிடுவாள். அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அதனால் அவள் இலைமேல் குனிந்து உஃப் உஃப் என்று ஊதினேன்.

"ஊதாதடா" என்று இலையைக் கையால் மறைத்தாள். "அப்டியே இருக்கட்டும்."

மெதுவாகச் சாப்பிட்டாள். நாங்கள் கை கழுவி வந்தும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். லாரிகள் ஒவ்வொன்றாகப் புழுதி கிளப்பிப் போயின. கடைக்கார அக்கா பக்கத்திலேயே நின்று, அம்மா கேட்காமலே போட்டுக்கொண்டிருந்தாள்.

கை துடைத்துக்கொண்டு வந்த அம்மா, "வாங்கிடுங்க" என்றாள்.

"எதை?" என்றார் அப்பா.

"மனையத்தான்."

"காத்து பிடிச்சிடுச்சு, பாத்தியா!" என்று ரயில் வரும்வரை அப்பா என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கோ, இனி தினமும் அந்த ஹோட்டலிலேயே சாப்பிடலாம் என்றுதான் அம்மா சம்மதித்தாள் என்பதில் சந்தேகமே இல்லை.

ரயிலில் அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்து, சோற்றின் சூடு பட்ட வலது கையை மூடி மடியில் வைத்திருந்தாள். எனக்குத்தான் ஏதோ வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை.