காலையில் தமிழ், மதியம் இங்கிலீஷ்

மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்த கிச்சடியின் வாசனை எங்காவது வந்தால் எனக்கு இன்றும் பசிக்காது, ஓடத்தான் தோன்றும். ஒரு பள்ளியில் அதைத் தின்றுவிட்டு, தாராவி மெயின் ரோட்டை ஓடிக் கடந்து, இன்னொரு பள்ளியின் வரிசையில் போய் மூச்சிரைக்க நிற்கிற பிள்ளையாக, மூன்றாம் வகுப்பில், நான்கு மாதம் இருந்தேன்.

இரண்டும் மாநகராட்சிப் பள்ளிகள்; காலையில் தமிழ், மதியம் புதிதாகத் தொடங்கிய இங்கிலீஷ். தோல் பை தைக்கும் "கார்கானா"வில் வேலை பார்த்த அப்பா, "தமிழ் படிச்சிட்டு இந்த ஊர்ல என்னட்டி செய்யப் போறா? பியூன் வேலைக்கே இங்கிலீசு கேக்கான்" என்பார். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அம்மா, "எம்புள்ள என்ன எழுதுதுன்னு எனக்குத் தெரியாண்டாமா?" என்று மல்லுக்கு நிற்பாள். கடைசியில், இரண்டிலும் போட்டுப் பார்ப்போம், எது தேறுகிறதோ அதில் விடுவோம் என்று சமாதானமானார்கள். தமிழ்ப் பள்ளியில் நான் பா. இசக்கியம்மாள்; மற்றதில், இந்த ஊர் வழக்கப்படி அப்பா பெயரைப் பின்னால் ஒட்டி, இசக்கி பால்ராஜ். இரண்டுக்கும் மாநகராட்சி கொடுத்த ஒரே சீருடை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இலவசமாக வந்த இரண்டாவது பையை அம்மா, தகரக் கூரைக்கு அடியில் பரண் மாதிரி இருந்த "மாளா"வில், பழைய துணிகளுக்குள் ஒளித்து வைத்தாள். "ரெண்டு எடத்துல பேரு இருந்தா போலீசு வரும்" என்று பக்கத்து வீட்டு அக்கா விளையாட்டாகச் சொன்னதை நான் அப்படியே நம்பி, காக்கிச் சட்டையைக் கண்டாலே சந்துக்குள் ஓடினேன்.

எது நல்ல பள்ளி என்று அப்பாவும் அம்மாவும் தினமும் கேட்பார்கள். அவரவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவேன். உண்மையில் இரண்டிலும் எனக்குப் பயம், ஆனால் வேறு வேறு பயம். இங்கிலீஷ் பள்ளியில் புதுப் பெயிண்டும் மின்விசிறியும் உண்டு. ஒரு பெஞ்சில் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், டீச்சருக்கு நான் வெறும் ஒரு நம்பர், ஒன்றுக்குப் போக இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு தடவை பாவாடையை நனைத்திருக்கிறேன். மூன்றாம் மாடியில் இருந்த தமிழ் வகுப்பிலோ பாதி பெஞ்ச் காலி. பொன்மணி டீச்சருக்கு எங்கள் ஒவ்வொருவர் வீட்டுச் சங்கதியும் தெரியும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தாலே, மதியம் நான் எங்கே போகிறேன் என்பது தெரிந்துவிட்டதோ என்று குனிந்துகொள்வேன்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த டீச்சரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மறுநாள் எல்லாப் பள்ளியிலும் அதிகாரிகள் வந்து தலை எண்ணப் போகிறார்களாம். ஒரு பிள்ளையை இரண்டு இடத்தில் எண்ணிவிடக் கூடாது என்று ஓட்டுப் போடுகிறவர்களுக்கு வைப்பதுபோல் விரலில் மை வைப்பார்களாம். "எங்க கிளாஸ்ல கணக்குக்குச் சரியாத்தான் இருக்காங்க. ஒரு புள்ள கொறஞ்சாலும் மூடிருவாங்கம்மா, கட்டாயம் அனுப்பிருங்க" என்று கெஞ்சிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அப்பா, "காலைல போவாண்டாம். மத்தியானம் போயி மை வச்சிக்கிட்டு வா, அதான் முடிவு" என்றார். விடிந்து அப்பா வேலைக்குப் போனதும், அம்மா எனக்கு இறுக்கிச் சடை பின்னி, "டீச்சர் கையேந்துன மாதிரி கேட்டுட்டுப் போயிருக்கு. காலைலயே வச்சிக்கோ. மத்தியானம் போவாண்டாம், அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று அனுப்பினாள்.

மூன்று மாடி ஏறி வகுப்புப் பக்கம் போனேன். அதிகாரி கையில் மைக்குப்பியோடு எதிர் வகுப்பிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததும், போலீஸ்தான் என்னைத் தேடி வந்துவிட்டது என்று தோன்ற, "சண்டாஸ்" என்கிற கக்கூசுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வகுப்பில் பெயர்கள் கூப்பிடுவது கேட்டது. என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"இசக்கி, உள்ளயா இருக்க?"

பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டு விம்மினேன். கதவைத் தட்டுவார், இழுத்துக்கொண்டு போவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அழாத. பயமா இருந்தா வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் திரும்பிப் போனார்.

மை இல்லாத விரலோடு வீட்டுக்குப் போகப் பயந்து, மதியம் ரோட்டைக் கடந்துபோய், அப்பா சொன்ன இடத்தில் விரலை நீட்டினேன். சாயங்காலம் மையைப் பார்த்து அப்பா மீசைக்குள் சிரித்தார். அம்மாவும், காலையில் வைத்தது என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் என் கன்னத்தைக் கிள்ளினாள். எந்தப் பள்ளியில் வைத்த மை என்று சொல்லிச் சண்டை இழுப்பானேன் என்று இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்குப் போனபோது தமிழ் வகுப்பு பூட்டிக் கிடந்தது. டீச்சரை மான்குர்த் பக்கம் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். "ஒன்னையும் சேத்துத்தானட்டி எண்ணுனாங்க?" என்று அம்மா கேட்டாள். தலையாட்டினேன். பிறகு அவளே காலை அடுப்பு வேலை முடிந்ததும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த தமிழில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது அந்தக் கட்டடத்தில் தமிழ் வகுப்பே கிடையாது. மூன்றாம் மாடியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்துபோனதால் மூடினார்கள் என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள், அம்மாவும் சொல்கிறாள், கூட நின்று நானும் ஆமாம் போடுகிறேன். குறைந்த அந்த ஒரு பிள்ளை நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.