பொட்டு வைக்க விட்ட இடம்

மகள் பிறந்து மூன்று மாதமாகியும் துபாயில் இருந்த என் வீட்டுக்காரர் அவளைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி அங்கே கம்பெனியில் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். பிள்ளையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அதற்காகவே விளாங்குடியில் அம்மா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு வெப்கேம் வாங்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் அவர் அங்கே பிரவுசிங் சென்டருக்கு வருவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. அரிவாள்மனை, சைக்கிள், கிரைண்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்த அம்மா, கம்ப்யூட்டரையும் விடவில்லை. மறுநாள் வெப்கேமைச் செருகப் போனால் ஒயர் உள்ளே போக மாட்டேன் என்கிறது. குனிந்து பார்த்தேன். சிபியு பெட்டியின் முன்பக்கம் இருந்த இரண்டு யுஎஸ்பி போர்ட்டும் சந்தனத்தால் அடைபட்டு, மேலே குங்குமத்தோடு மங்களகரமாக இருந்தன. எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது.

"ரெண்டு கட்டம் அழகா விட்டிருந்தான். பொட்டு வைக்கத்தான்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

கரண்டை நிறுத்திவிட்டு ஹேர்பின்னால் சுரண்டினேன். ஒன்றின் உள்ளே இருந்த சின்னத் தகடு படக்கென்று ஒடிந்துபோனது. போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டேன். அடுத்ததைக் குச்சியால் பதமாகச் சுத்தம் செய்து செருகினால், இது என்ன சாதனமென்றே தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கைவிரித்தது. வெப்கேமே போய்விட்டதோ என்று கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மாவோ குழந்தைக்குப் புதுச்சட்டை மாட்டி, மை வைத்து, தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். அதைப் பார்த்ததும் அழுதே விட்டேன்.

நல்ல நாளும் அதுவுமாக அழக்கூடாது, பின்னால் ஒயர் ஏதாவது கழன்றிருக்கிறதா பார் என்றார் அம்மா. சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை எரிச்சலில் இழுத்துத் திருப்பினேன். மவுஸ் ஒயருக்குப் பக்கத்தில், தூசிக்குள், அதே மாதிரி நான்கு கட்டங்கள்! கம்ப்யூட்டரை மாட்டிக்கொடுத்த பாவி மனுசன் இதைச் சொல்லவே இல்லை. நல்லவேளை, அங்கே அம்மாவின் விரல் எட்டவில்லை. வெப்கேமைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் அவர் கட்டம் கட்டமாக விட்டுவிட்டுத் தெரிந்தார். குழந்தையை கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்டேன்.

"கேக்குது" என்றார். "இம்புட்டூண்டா இருக்காளே."

நாளைக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார்.

"முடியாதுன்னு சொல்லிர்றேன். என்னையப் பாத்து யாரோன்னு இவ அழுகுறதுக்குள்ள வாரேன்."