எல்கைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போன நாள்

அக்கா வீட்டுக் குதிரை யார் சொன்னாலும் டெம்போவில் ஏறாது. முன்னங்கால்களைப் பலகையில் வைக்கும். பலகை அதிர்ந்ததும் பின்வாங்கிவிடும். இரண்டு ஆள் பின்னாலிருந்து தள்ளினாலும் நடக்காது. அக்காவின் மகளுக்கு ஐந்து வயது. டெம்போவின் முன்பக்கக் கம்பிக்கு வெளியே அவளுடைய அப்பா அவளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் கம்பி வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக்கொண்டு, "செவலே, இந்தா... இந்தா" என்று கூப்பிடுவாள். காதுகளை முன்னால் நீட்டிக்கொண்டு, வேறெதையும் பார்க்காமல், அது நேரே அவளிடம் ஏறிப் போய்விடும்.

இதை நான் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். பந்தயத்துக்குப் போன அன்று காலை எடுத்தது. இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: கண்ணெதிரே பார்த்து, படமும் எடுத்த ஒன்றை, எப்படி என் பட்டியலில் எழுதாமல் விட்டேன்?

அக்காவின் வீடு சின்னமனூருக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களை ஒட்டி. மாமா வாழைக்காய் வியாபாரி. குதிரை அவருக்குத் தொழில் இல்லை, ஆசை. எங்கள் பக்கம் ஊர்த் திருவிழாக்களில் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கும். தார் ரோட்டில்தான் ஓட்டம். ஊர் முகப்பிலிருந்து கிளம்பி, சில கிலோமீட்டர் தள்ளி ரோட்டின் நடுவே மணல் டிரம்மில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் இடத்துக்கு எல்கை என்று பெயர். வண்டியில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் கடிவாளம் பிடிப்பார். மற்றவர் தேவைப்படும்போது கீழே குதித்து, கூடவே ஓடிக் குதிரையை விரட்டிவிட்டு, ஓடும் வண்டியிலேயே ஏறிக்கொள்வார். எங்கள் வண்டியில் கடிவாளம் மாமா கையில். ஓடுபவர் அவருடைய பங்காளி.

பிள்ளையைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போகும் பேச்சு அதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பியது.

"இந்தத் தடவ பாப்பாவும் வரட்டும்" என்றார் மாமா.

அக்கா தோசைக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆமா, வண்டியில மூணாவது ஆளா ஏத்திக்கங்க."

"வெளையாடாத. ஓரமா நின்னு பாக்கட்டும். நான் மூணு வயசுல எங்கய்யா தோளுல உக்காந்து பாத்தவன்."

"அந்தத் தோளுலருந்து விழுந்து கை ஒடஞ்ச கதையையும் சேத்துச் சொல்லுங்க."

"அது கூட்டத்துல எவனோ இடிச்சுப்புட்டான்."

"இந்த வருசம் கூட்டம் வரமாட்டேன்னு சொல்லிருச்சாக்கும்."

மாமா என் பக்கம் திரும்பினார். "இந்தா இருக்காகளே இஞ்சினியரம்மா. காத்தாடி உச்சில போயி நிக்கிறவுக. எது ஆபத்து, எது இல்லன்னு அவுக சொல்லட்டும்."

"சரி, இவ சொல்லட்டும்" என்றாள் அக்கா. "ஏடி, நீ சரின்னா அனுப்புறேன். வேணாம்னா வேணாம். ஆனா நீதான் கூட நிக்கணும்."

பிள்ளை தோசையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

நான் கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வாரநாட்களில் தேனியில் அறை, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடு. கோபுரத்தில் ஏறுவதற்கு முன் நாங்கள் ஒரு தாளில் எழுத வேண்டும்: என்னென்ன தவறு நடக்கலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்திருக்கிறோம். அதில் கையெழுத்து இல்லாமல் யாரும் ஏணியைத் தொட முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் "எழுதிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

எழுதினேன், பழக்கத்தில் அடியில் கையெழுத்தும் போட்டேன். வெயில்: தொப்பி, தண்ணீர், காலை பத்து மணிக்குள் திரும்புதல். சத்தம்: காதில் பஞ்சு. கூட்டத்தில் தொலைவது: பாவாடையின் உள்மடிப்பில் என் போன் நம்பரைத் தைத்துவிடுவது. வண்டி குடை சாய்வது: திருப்பத்தின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. கடைசியாக பைக்குகள். பந்தயம் பார்க்காதவர்களுக்கு இது தெரியாது. குதிரைகளைவிட அதிக ஆபத்து, வண்டிகளுக்கு முன்னும் பின்னும் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ஐம்பது அறுபது பைக்குகள்தான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலையே ஸ்கூட்டியில் போய் அந்த ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்கைக்கு முப்பதடி முன்னால், இடது பக்கம், வாய்க்காலின் மேல் ஒரு சின்னப் பாலம் இருந்தது. இடுப்பளவு கைப்பிடிச் சுவர். சுவருக்குப் பின்னால் சரிவாக இறங்கும் கரை, தண்ணீர் இல்லாத வாய்க்கால். பைக் ஏற முடியாது. குதிரைகள் திரும்புவதற்காக வேகம் குறைக்கும் இடம். ரோடு முழுவதிலும் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் கணக்குப்படி அது சரிதான்.

அக்கா பட்டியலை இரண்டு முறை படித்தாள். "எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"சரி."

ஞாயிறு காலை பிள்ளை கூப்பிட, குதிரை டெம்போவில் ஏறியது. நான் வீடியோ எடுத்தேன். நானும் அவளும் ஸ்கூட்டியில் பின்னால் போனோம். ஏழரை மணிக்கே பாலத்தை அடைந்துவிட்டோம். மேற்கே மலை இன்னும் நீலமாக இருந்தது. எங்களுக்கு முன்பே சுவருக்குப் பின்னால் கரைமேல் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பிள்ளையைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஊர்ப்பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது: "பைக்குல வர்ற தம்பிமார்களே, வண்டிக்கு முன்னாடி போகாதீக. புள்ளகுட்டியோட வந்திருக்கவுக தள்ளி நில்லுங்க. அய்யா, பச்ச சட்ட, ஒங்களத்தேன். கொழந்தைய எறக்கி விடுங்கய்யா."

பச்சைச் சட்டைக்காரர் யாரோ. பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்தார். "நீ என்னத்தா, புள்ளைய இம்புட்டுக் கிட்டக்கக் கொண்டாந்திருக்க?"

"இந்த இடத்துல ஆபத்து இல்லைங்க. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"பாத்துட்டா? சரி சரி" என்று சிரித்தார்.

சுவருக்கு மேல் அவள் கண் சரியாக எட்டவில்லை. அவளைச் சுவரின் மேல் நிற்கவைத்து, இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். இது பட்டியலில் இல்லாதது. ஆனால் பிடி உறுதியாக இருந்தது; அந்த நேரத்தில் நான் அதைத்தான் சரிபார்த்தேன்.

முதலில் பைக்குகள் வந்தன. மூன்று மூன்று பேராக, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள். ஒரு பைக்கில் டேங்கின் மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. இவளைவிடச் சின்னது. என் கைகள் தாமாக இறுகின. அவள் "சித்தி, வலிக்குது" என்றாள்.

பிறகு குளம்புச் சத்தம். முதல் வண்டி கறுப்புக் குதிரை. எங்களைக் கடந்து, டிரம்மைச் சுற்ற ஆரம்பித்தது. அதற்கு இருபதடி பின்னால் எங்கள் செவலை. வாயோரம் நுரை. மாமா எழுந்து நின்று கடிவாளத்தைப் பிடித்திருந்தார். நான் ஞாயிறுதோறும் பார்க்கும் முகமாக அது இல்லை. பங்காளி ரோட்டில் இறங்கிக் கூடவே ஓடி வந்தார், கையில் சாட்டை.

பிள்ளை பாவாடைப் பையிலிருந்து எதையோ எடுத்தாள். கருப்பட்டி. அவள் கை என் முகத்துக்கு மேலே நீண்டதைப் பார்த்தேன். தடுக்க எனக்கு நேரம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது புரியத்தான் நேரம் போதவில்லை.

"செவலே! இந்தா... இந்தா!"

அத்தனை ஹாரனுக்கும் கத்தலுக்கும் நடுவில் அந்தக் குரல் அதற்குக் கேட்டது. இரண்டு காதுகளும் எங்கள் பக்கம் திரும்பின. பிறகு தலை. பிறகு முழு உடம்பும்.

குதிரையை நான் இன்ஜினாகவே எண்ணியிருந்தேன். கடிவாளம் இழுத்த பக்கம் போகும் என்று. அது ரோட்டை விட்டு நேரே அவளிடம் வந்தது. இடது சக்கரம் தாரிலிருந்து சரளையில் இறங்கி, வண்டி சாய்ந்தது. மாமா முழு பலத்தோடு பின்னால் இழுத்தார். பிள்ளையைச் சுவரிலிருந்து பின்பக்கமாக இழுத்தேன். இரண்டு பேரும் சரிவில் உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தோம். அவள் என் மேல் விழுந்தாள். மேலே, சுவரில் ஏதோ மோதும் சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் குதிரையின் தலை தொங்கியது. அவள் நின்றிருந்த இடத்தில், மேலுதட்டை அசைத்துக் கல்லை மோந்துகொண்டிருந்தது. மார்பில் தோல் உரிந்திருந்தது.

மாமா எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது, நாங்கள் பள்ளத்தில் கிடந்தோம். பின்னால் மூன்றாவது வண்டி வந்துகொண்டிருந்தது. குதிரையை ரோட்டுக்குத் திருப்பியே ஆக வேண்டும். "அடி, அடி" என்று அவர் கத்த, பங்காளி அடித்தார். அது நகரவில்லை. மாமா சாட்டையைத் தன் கையில் வாங்கினார். மூன்று அடி. நான் எண்ணினேன், என் மேல் படுத்திருந்தவளும் எண்ணியிருப்பாள், ஒவ்வொன்றுக்கும் அவள் உடம்பு ஒருமுறை துள்ளியது. நான்காவதற்குள் தலை சுவரை விட்டு மறைந்தது. வண்டி போய்விட்டது.

பெரியவர் இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். எனக்கு முதுகில் முள்.

ஸ்கூட்டியில் அவள் முன்னால் நின்றுகொண்டு வந்தாள். வீரபாண்டியைத் தாண்டினோம். பிறகு, திரும்பாமலேயே கேட்டாள்.

"நான் கூப்பிட்டதுக்கா சித்தி, அப்பா செவலைய அடிச்சாக?"

"இல்ல ஆத்தா. அது வழி மாறிப் போயிருச்சு, அதான்."

"அது வழி மாறல. எங்கிட்டத்தான வந்துச்சு."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். பட்டியலில் இருந்த தண்ணீர்.

மதியம் மாமா வந்து சேர்ந்தார். முற்றத்தில் குதிரையின் மார்புக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்தேன். என்னத்தக் கண்டு மெரண்டுச்சுன்னே தெரியல. பேயறஞ்ச மாதிரி பாலத்துல போயி முட்டுது."

சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சிராய்ப்புக்குக் காரணம், தடுக்கி விழுந்தது என்று சொல்லியிருந்தோம். ஆனால் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். "மெரளல மாமா. பாப்பா கூப்பிட்டா. சொவத்து மேல நின்னா. நான்தான் தூக்கி நிக்க வச்சேன்."

அவர் கை மஞ்சளோடு அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

"எங்க நின்னா?" என்றார் மாமா.

"அது மூக்க வச்ச எடத்துல."

"நீங்க ரெண்டு பேரும்...?"

"கீழ வாய்க்கால்ல. நீங்க அடிக்கும்போது அங்கனதான் கெடந்தோம்."

அவர் மஞ்சளைக் கீழே வைத்தார். பிள்ளையைத் தேடி உள்ளே போனார். அவள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்று பிறகு அக்கா சொன்னாள்.

அடுத்த பந்தயம் ஐந்து வாரம் கழித்து, போடிப் பக்கம். இந்த முறை யாரும் என்னிடம் பட்டியல் கேட்கவில்லை. அக்கா, "பிள்ள வராது" என்றாள். மாமா, "நானும் கேக்கல. ஏத்துறதுக்கு மட்டும் வரட்டும். அவ இல்லாம ஏறாது" என்றார். நானும் சரி என்றேன். வீட்டு வாசல், நின்றிருக்கும் வண்டி, அப்பா கையில் பிள்ளை. இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

காலையில் பலகையைச் சாய்த்து வைத்தார்கள். பங்காளி குதிரையைப் பிடித்து வந்தார். மார்பில் முடி முளைக்காத ஒரு கோடு. மாமா மகளைக் கம்பிக்கு வெளியே தூக்கிப் பிடித்தார். நான் அவள் கையில் கருப்பட்டியைக் கொடுத்திருந்தேன். அவள் கையை நீட்டவில்லை. விரல்களை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"கூப்பிடு ஆத்தா" என்றார் மாமா.

குதிரை அவளைப் பார்த்துக் காதுகளை நீட்டியது. முன்னங்காலைப் பலகையில் வைத்தது, எடுத்தது.

"கூப்பிடு கண்ணு. செவலே இந்தான்னு சொல்லு."

அவள் வாயை இறுக்கி மூடியிருந்தாள். பங்காளி பின்னாலிருந்து, "பிள்ளைக்கு என்னவாம் இன்னைக்கி? நேரமாகுதுல்ல?" என்றவர், டெம்போவின் ஓரத்தில் சாத்தியிருந்த சாட்டையைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். பிள்ளை அப்பாவின் கண் எங்கே போனது என்பதைப் பார்த்தாள்.

குதிரை பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.

மாமா அவளைக் கீழே இறக்கி என்னிடம் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போ. கதவச் சாத்திக்க."

தூக்கிக்கொண்டு போனேன். கதவைச் சாத்தினேன். பின்கட்டில் அக்கா குழாயைத் திறந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தாள். அப்படியும் பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது. ஒருமுறை. பிறகு மறுமுறை. பிறகு டெம்போவின் பின்கதவை மாட்டும் சங்கிலிச் சத்தம், வண்டி கிளம்பும் சத்தம்.

"ஏறிருச்சா சித்தி?"

"ஏறிருச்சு."

அவள் கையை விரித்தாள். கருப்பட்டி கரைந்து விரல்களுக்கிடையே ஒட்டியிருந்தது. அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டேன்.