இரண்டு கை ஃபோர்ஹேண்ட்

ஏற்காட்டில் நான் டென்னிஸ் பழகிய கோர்ட், எஸ்டேட் ஓரச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் காப்பிச் செடிகள் இறங்கும் பள்ளம். பள்ளத்தோரம் தடுப்பாக இடுப்பளவு கம்பிவலை மட்டும். பந்தைப் பள்ளத்தில் விட்டவர்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். மழைக்காலத்தில் கால் முழுக்க அட்டை ஏறும். அதற்குப் பயந்து, பத்து வயதிலேயே, மற்றவர்கள் ஒரு கையால் அடிக்கும் ஃபோர்ஹேண்டையும் இரண்டு கைகளால் பிடித்து, வீச்சைச் சுருக்கி அடிக்கப் பழகிவிட்டேன்.

இந்த ஆண்டு, நான் தரப் பரிசோதனைப் பொறியாளராக இருக்கும் சேலத்து நிறுவனம், அலுவலகங்களுக்கிடையிலான போட்டிக்குப் பெண்கள் அணி அமைத்தது. சிங்கிள்ஸில் ஓர் இடம் மீதமிருந்தது. அது எனக்கு வேண்டும். அணியின் கோச், ஐம்பதைத் தொடும் அம்மையார், என் ஆட்டத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க புடிச்சிருக்கறது ராக்கெட்டா, மண்ணு வெட்டற மம்முட்டியா?”

“சின்ன வயசுல இருந்தே இப்படித்தானுங்க.”

“கை எட்டாதுங்க. ஓரமா ஒரு பந்து போட்டா முடிஞ்சுது. ரெண்டு வாரத்துல ஒத்தைக் கைக்கு மாத்திட்டு வாங்க. இல்லீன்னா வேற ஆளைப் போட்டுருவேன்.”

வீட்டுச் சுவரில் சாக்பீஸால் குறித்து அளந்தேன். இரண்டு கையால் பிடித்தால் ராக்கெட் எட்டும் தூரம் கிட்டத்தட்ட ஓர் அடி குறைகிறது. அவர் சொன்னது சரி.

மூன்று நாள் காலையில் ஏற்காட்டுப் பழைய கோர்ட்டில் ஒற்றைக் கையால் அடித்துப் பார்த்தேன். எதிரே ஆடியவள் என் பள்ளித்தோழி; கடைவீதியில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் குடும்பத்துப் பெண். ஐந்தாவது பந்தும் பள்ளத்தில் விழுந்ததும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏம்புள்ள, அடுத்த வருசம் காப்பிச் செடியில பந்துதான் காய்க்கும் போல. நீயே இறங்கு சாமி. நான் கடை தொறக்கோணும்.”

அன்று மாலை, ஆலையில் செய்வதையே செய்தேன். அளவு தவறிய பாகத்தை வைத்துக்கொண்டு இயந்திரம் ஒழுங்காக ஓடினால், எது அதை ஈடுகட்டுகிறது என்று முதலில் தேடுவோம். பழைய பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து நான்கு பத்தியில் பட்டியல் போட்டேன்: ஆள், விசித்திரம், இழப்பு, ஈடு. இருபக்கமும் இரண்டு கைகளால் அடித்தவர்கள். பேக்ஹேண்டே இல்லாமல் ராக்கெட்டைக் கைமாற்றி இரு பக்கமும் ஃபோர்ஹேண்ட் அடித்தவர். எந்தப் பக்கம் வந்தாலும் ராக்கெட்டின் ஒரே முகத்தால் அடித்தவர்.

இவர்களும் இப்படித்தானே என்று கோச்சிடம் நீட்டத்தான் பட்டியலைத் தொடங்கினேன். ஆனால் நான்காம் பத்தியில் மூன்று தடவையும் ஒன்றையே எழுதியிருந்தேன்: பந்துக்கு முன்பே போய் நிற்பது. கை எட்டாது என்ற கோச்சின் பேச்சைத்தான் என் பட்டியலும் சொன்னது. அந்த ஓர் அடியைக் கால்தான் கடக்க வேண்டும்.

மீதி நாட்களில் பழைய பிடிக்கே திரும்பி, முதல் அடி எடுத்து வைப்பதை மட்டும் பழகினேன். காலையில் கோர்ட்டின்மேல் இறங்கும் மேகத்தில் பந்து நெட்டைத் தாண்டிய பிறகுதான் தெரியும். அதனால் தோழியின் தோளைப் பார்த்து நகரக் கற்றேன். தோள் திரும்பும்போதே என் கால் கிளம்பியாக வேண்டும்.

“என்னையவே மொறைச்சுப் பாக்கறே. பயமா இருக்குது புள்ள” என்றாள்.

இரண்டு வாரம் முடிந்து சேலம் கோர்ட்டில் நின்றபோது கோச் என் கைகளைத்தான் முதலில் பார்த்தார்.

“மாத்தின மாதிரி தெரியலீங்களே.”

“கையை மாத்தலீங்க. காலை மாத்தியிருக்கேன். ஓரமாவே போடுங்க.”

போட்டார். முதல் நான்கும் எட்டவில்லை. வெயிலில் பந்து பளிச்சென்று தெரிந்ததால், தோளை விட்டுவிட்டுப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதிலிருந்து அவர் தோளைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டே தவறின.

கோச் நோட்டில் எழுதினார். “டபுள்ஸ்ல போடறேன். பாதி கோர்ட்டுன்னா தாங்குவீங்க. சிங்கிள்ஸ் இப்ப இல்லீங்க.”

தவறவிட்ட ஆறு பந்துகளையும் பொறுக்கிவந்து அவரிடம் கொடுத்தேன்.

“சிங்கிள்ஸுக்கு மறுபடி எப்பங்க பாப்பீங்க?”

“அடுத்த மாசம். அப்பவும் ரெண்டு கைதானா?”

“ஆமாங்க. தேதி சொல்லுங்க.”

அவர் யோசித்தார். நான் போனில் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.