கூடைக்கு நாலு வஞ்சிரமும் என் இங்கிலீஷ் வகுப்பும்

பிரெஞ்சுக்காரன் ஊரில் இங்கிலீஷ் வாத்தியாராக இருப்பது, சாராயக்கடை வாசலில் மோர் விற்பது மாதிரி. வருகிறவன் எட்டிப் பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், போய்விடுவான். நீங்களும் எங்காவது, யாருக்காவது, எதையாவது சொல்லிக் கொடுத்துத் தொலைத்திருப்பீர்கள். அதனால் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுவைத்த ஒரு பழைய கிடங்கைப் பிடித்து வகுப்பு வைத்தேன். எனக்குச் சொந்த ஊர் கடலூர். மெட்ரிகுலேஷன் வரை படிப்பு. எல்லையைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியம், பிரெஞ்சு செல்லாது. ரயில், தபால், சர்க்கார் கச்சேரி எல்லாம் இங்கிலீஷ். அந்தக் காரணத்தால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். புத்தகம் லண்டனில் அச்சடித்தது. ஓர் இங்கிலீஷ்காரக் குடும்பம் எழுந்திருக்கும், தின்னும், பண்டிகை கொண்டாடும், தூங்கும். இதைப் படித்தால் பாஷையும் வரும், பழக்கவழக்கமும் வரும் என்று முன்னுரையில் போட்டிருந்தான். போட்டவன் முத்தியால்பேட்டைக்கு வந்ததில்லை.

மீசை இல்லாதவர்கள்

முதல் நாள். எல்லாப் பிள்ளையும் என்னை 'முசே' என்றார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கே பிரெஞ்சு வேண்டாம், 'சார்' என்று கூப்பிடுங்கள் என்றேன். கிடங்கு பூராவும் சிரிப்பு.

முன்வரிசையில் ழோசேப் என்று ஒரு பயல். ஒன்பது வயது. அப்பா பிரெஞ்சுக் கச்சேரியில் குமாஸ்தா. மாதா கோயில் குடும்பம். என்னடா சிரிப்பு என்று அதட்டினேன். கன்னியாஸ்திரிகளைக் கூப்பிடுகிற பிரெஞ்சு வார்த்தை 'சேர்'. என் 'சார்' அவன் காதில் அப்படி விழுந்திருக்கிறது. எழுந்து நின்று, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "எங்க கோயில்ல இருக்கற சேர் யாருக்கும் மீசை இல்லீங்க, முசே."

கருவாட்டுக் கூடை

ஒரு காலையில் கிடங்குக்குள் கருவாட்டு வாசனை. வகுப்பே திரும்பியது. வாசலில் கூடையோடு ஓர் அம்மாள், பக்கத்தில் பதினோரு வயதில் ஒரு பெண். அம்மாள் பெயர் பூங்காவனம். நோணாங்குப்பத்து மீனவக் குடும்பம். கருவாட்டைத் தலையில் சுமந்து கடலூர்ச் சந்தைக்கு நடக்கிறவள். பெண் அஞ்சலை. முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டில் விட்டிருக்கிறாளாம், படிக்க.

எதற்குப் படிப்பு என்றேன். "எல்லைச் சாவடியில ஒரு பலகை நிக்குது. இங்கிலீசு. சாவடிக்காரன் அதக் காட்டிக் காட்டி, கூடைக்கு நாலு வஞ்சிரம் சர்க்காருக்குன்னு எடுத்துக்கறான். அஞ்சு வருசமா. அதுல என்னா எழுதியிருக்குதுன்னு இவ படிச்சிச் சொல்லணும். மாசி மகம் வரைக்கும், ஆறு மாசம் பாப்பேன். சொல்லலன்னா, இவ தலையிலயும் ஒரு கூடை."

அஞ்சலை கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டில் எது பாரம் என்று தெரியாத முகம்.

இதற்கு எதற்கு ஆறு மாதம்? நான் கடலூருக்கு ரயிலில் போகிறவன், அந்தச் சாவடியைப் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் நடந்து வந்து படித்துச் சொன்னால் முடிந்தது வேலை. அப்படியே சொன்னேன். பூங்காவனம் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "நீ ஒருநாளு வந்து படிப்பே. மறுநாளு அவன் வேற பலகை நடுவான். அப்ப உன்னையும் கூடையில வெச்சித் தூக்கினு போவ முடியுமா வாத்தியாரே?"

பேன்

பாடம்: காலை உணவு. இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள், முட்டை தின்றார்கள். நீங்கள் என்ன தின்றீர்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். ழோசேப்பின் சிலேட்டில் இருந்த இங்கிலீஷுக்குத் தமிழில் அர்த்தம்: 'தினமும் காலையில் நான் வலி தின்கிறேன்.'

எங்கேடா வலி என்றேன். "வலி இல்லீங்க. நல்லாத்தான் இருந்துது. வாழப்பழம் தொட்டுக்கினேன்" என்றான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இங்கிலீஷில் வலிக்கு எந்த நாலு எழுத்தோ, பிரெஞ்சில் ரொட்டிக்கும் அதே நாலு எழுத்து. அங்கே 'பெயின்' என்று படிக்க வேண்டும், இங்கே 'பேன்' என்று மூக்கால் சொல்ல வேண்டும். கரும்பலகையில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் எழுதி, அரைமணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். புரிந்ததா, சந்தேகம் உண்டா என்று கேட்டேன்.

கேட்கக் கூடாது. உங்களுக்கும் தெரியும். அஞ்சலை தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தாள். "எங்க வூட்ல பேன் தலையில இருக்குது முசே. அத யாரும் திங்கறதில்ல."

பொந்து வழியாக வருகிறவர்

அடுத்தது குளிர்காலம். படத்தில் ஒரு கூடம். சுவரில் பெரிய பொந்து, பொந்துக்குள் நெருப்பு. அப்பா, அம்மா, பிள்ளைகள், நாய் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தில் என்ன தெரிகிறது என்றேன். ழோசேப் பதறிவிட்டான். "வூடு பத்தி எரியுது முசே! ஒரு கொடம் தண்ணி ஊத்த ஆளில்லியா?" குளிருக்காக அவர்களே மூட்டிய நெருப்பு என்றேன். கூரை வீட்டுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் வேண்டுமென்றே நெருப்பு வைக்கிறவனிடம் பாஷை கற்கலாமா என்கிற பார்வை.

பக்கத்தைத் திருப்பினால் கிறிஸ்துமஸ். சிவப்பு அங்கி போட்ட ஒரு தாத்தா மூட்டையோடு கூரைமேல் ஏறி, அதே பொந்து வழியாக இறங்கி வருகிறார். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க. வாசல் இருக்கும்போது ஏன் அந்த வழி என்று எனக்கே தெரியாது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வேகமாகப் படித்தேன். அஞ்சலை விடவில்லை: "கீழ நெருப்பு எரியுதுல்ல? தாத்தாவுக்குத் தீமிதி வேண்டுதலா முசே?"

சத்திரம்

பிரெஞ்சுக்காரனின் 'மெர்சி' மாதிரி இங்கிலீஷ்காரன் எதற்கெடுத்தாலும் 'தேங்க்யூ' சொல்வான். கேட்கும்போது 'ப்ளீஸ்' சொல்வான். அது ஒரு முழுப் பாடம். வீட்டிலும் பழகுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வாத்தியார் புத்தி.

நாலாம் நாள் ழோசேப்பின் அம்மா வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். சோறு போட்டால் தேங்க்யூவாம். குழம்பு ஊற்றினால் தேங்க்யூவாம். இரண்டாம் தரம் சோற்றுக்கு ப்ளீஸாம். மாமியார் சிரிக்கிறாளாம், அடுத்த வீட்டுக்காரி காது கொடுத்துக் கேட்கிறாளாம். நல்ல பழக்கம்தானே அம்மா என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. "துரைகிட்ட மெர்சி சொல்லுவோம், சாமியார்கிட்ட மெர்சி சொல்லுவோம். பெத்தவகிட்ட எதுக்குச் சொல்றான்? நான் என்னா சத்திரமா நடத்தறேன்?"

தெருப்பக்கச் சுவர்

கிடங்குக்கு ஒரு தெருப்பக்கச் சுவர். போகிறவன் வருகிறவன் எல்லாம் அங்கேதான் ஒதுங்குவான். ஜன்னலைத் திறக்க முடியாது. ஒருநாள் பொறுமை போய், கரிக்கட்டையை எடுத்து இங்கிலீஷில் பெரிதாக எழுதினேன்: 'கமிட் நோ நியூசென்ஸ்.' இங்கிலீஷ்காரன் நேராகச் சொல்ல வெட்கப்படுவான். 'தொல்லை எதுவும் செய்யாதே' என்று சுற்றி வளைத்துச் சொல்வான்.

பிள்ளைகள் அர்த்தம் கேட்டார்கள். இங்கே ஒண்ணுக்குப் போகாதே என்றேன். "மூணு வார்த்தைதான் இருக்குது. இதுல ஒண்ணுக்கு எங்க முசே?" என்றாள் அஞ்சலை. எல்லோரும் இருபது தடவை எழுதுங்கள் என்றேன். பதில் தெரியாத வாத்தியார் செய்கிற காரியம் அதுதான். நீங்களும் எழுதியிருப்பீர்கள்.

ஒரு வாரம் ஆயிற்று. சுவர் காயவில்லை. ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஆலைத் தொழிலாளி. எழுத்தைக் காட்டி, இது என்ன தெரியுமா என்று அர்த்தத்தையும் சொன்னேன். அவன் அவசரப்படவில்லை. முடித்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: "இங்கிலீஷ்காரன் சட்டம் இங்க செல்லாது வாத்தியாரே. பிரெஞ்சுல எழுதிப் போடு, ஒத்துக்கறேன்."

சாமியும் அப்பாவும்

மாசி மகத்துக்குப் பத்து நாள் இருந்தது. அஞ்சலை அதற்குள் 'புட்டிங்' என்று எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். 'பனிமனிதன்' படிப்பாள். 'என் அத்தைக்குத் தேநீர் பிடிக்கும்' என்று முழு வாக்கியமே படிப்பாள். இதில் எதை எந்தச் சாவடிப் பலகையில் எழுதியிருக்கப் போகிறான்?

நம் ஊர்ப் பண்டிகை பற்றி இங்கிலீஷில் நாலு வரி எழுதச் சொன்னேன். அவள் எழுதியது, தமிழில் சொன்னால் இது: 'மாசி மகத்தில் சாமி கடலுக்கு வந்து குளிக்கிறார். அவருக்கு மேளம், குடை, கூட்டம். எங்கள் அப்பா தினமும் கடலில் நனைகிறார். அவருக்கு ஒன்றும் இல்லை.' பிழையே இல்லை. அதுதான் எரிச்சல். சாமியையும் அப்பாவையும் ஒன்றாக வைத்து எழுதலாமா என்று கேட்டேன். "மேளம் எல்லாம் வாணாம் முசே. கரைக்கு வந்ததும் தொவட்டிக்க ஒரு துண்டு குடுத்தா போதும்."

பலகை

மாசி மகத்துக்கு முந்தின நாள் காலையில் பூங்காவனம் வந்தாள். "நீயும் வா. வாயத் தொறக்காதே" என்றாள். வகுப்பை விட்டுவிட்டுக் கிளம்பினேன். கடலூர் ரோட்டில் வெயிலில் நடந்தோம். அவள் தலையில் ஒரு சும்மாடு, அதன்மேல் கூடை. இடுப்பில் இன்னொரு சும்மாட்டுத் துணி சுருட்டிச் செருகியிருந்தது. அது யார் தலைக்கு என்று அஞ்சலை கேட்கவில்லை.

சாவடி வந்தது. மல்லாட்டை மூட்டை வண்டிகள் வரிசையாக நின்றன. சுவரோரம் பலகை, சாய்ந்து, பெயிண்ட் உரிந்து. நான்தான் முதலில் படித்தேன். வாயைத் திறக்கக் கூடாதே, பல்லைக் கடித்துக்கொண்டேன். காக்கிச் சட்டை போட்ட சாவடிக்காரர் அதற்குள் கூடைக்குள் கைவிட்டுவிட்டார். பெரிதாகப் பார்த்து நாலு வஞ்சிரம் பொறுக்கினார். பழக்கப்பட்ட கை. பலகைப் பக்கம் தலையை ஆட்டினார். "சர்க்காரு எழுதி வெச்சிருக்குது."

"படிடி" என்றாள் பூங்காவனம்.

அஞ்சலை பலகைமுன் போய் நின்றாள். சி. ஓ. எம். நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். பூங்காவனத்தின் கை இடுப்புத் துணிக்குப் போயிற்று. அஞ்சலை மறுபடி பலகையைப் பார்த்தாள். இந்தத் தரம் எழுத்துக் கூட்டவில்லை. இருபது தடவை எழுதின கை அல்லவா. ஒரே மூச்சில் படித்தாள், சந்தையில் மீன் கூவுகிற குரலில்: "கமிட் நோ நியூசென்ஸ்!" படித்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாடி?" என்றாள் அம்மா. அத்தனை ஆம்பிளைகள் முன்னால் எப்படிச் சொல்வது? காதில் சொன்னாள். அம்மாவுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. "இங்க ஒண்ணுக்குப் போவாதேன்னு போட்டிருக்குது! அஞ்சு வருசமா இதக் காட்டியாய்யா எங்கிட்ட வஞ்சிரம் புடுங்கினே?" வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டன.

சாவடிக்காரர் என்னைப் பார்த்து, நெசமா என்று கேட்டார். உத்தரவுப்படி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். நாலு வஞ்சிரத்தையும் ஒவ்வொன்றாகக் கூடையில் திரும்ப வைத்தார். பாவம், அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. "எனக்கு முன்ன இருந்தவரு இதக் காட்டித்தான் எடுக்கச் சொன்னாரு" என்றார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்து முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ, நான் தெனம் அதும் பின்னாலதானே போறேன்."

சாவடி தாண்டியதும் பூங்காவனம் இடுப்பிலிருந்த சும்மாட்டுத் துணியை உருவினாள். உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெண்ணிடம் கொடுத்து அவளையும் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். தேங்க்யூவெல்லாம் இல்லை. மெர்சியும் இல்லை. "நாளான்னிக்கிலேர்ந்து மறுபடி அனுப்பறேன். ஆனா அந்தப் பொந்து, தாத்தா எல்லாம் வாணாம் வாத்தியாரே. சொவத்துல எழுதறதையே சொல்லிக் குடு."

ஆறு மாதம் இங்கிலீஷ்காரன் வீட்டுக்குள் சமையல்கட்டு வரை சுற்றிக் காட்டினேன். பிழைக்க உதவியது அவன் சுவருக்கு வெளியே எழுதிவைத்தது மட்டும்தான்.