ஆர்லீன் இழந்த எண்

என் பக்கத்து வீட்டு ஆர்லீன் கூபிக் தன் கணவனிடம் மறைத்தது ஒரே ஒரு விஷயம்தான். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படித்தான் அவன் கண்ணைப் பார்த்தாளோ!

கணவன் வெண்டலுக்குச் சொந்தமாக ஒரு குளிர்பதன லாரி. ஆர்லீனும் லைசென்ஸ் எடுத்தவள். இருவரும் மாறி மாறி ஓட்டி, எங்கள் பக்கத்து கிராண்ட் ஐலண்டிலிருந்து சிகாகோவுக்கு இறைச்சி கொண்டுபோவார்கள். வாடகைக்குச் சரக்கு ஏற்ற வாஷிங்டன் அரசாங்கம் கொடுத்த அனுமதி எண், இருபது வருஷத்துக்கு மேலாக வெண்டலின் பெயரில் இருந்தது. பழைய எண் என்றால்தான் லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் நம்புவார்கள். பிள்ளையில்லாத அந்த மனிதனுக்கு அந்த எண்ணே பிள்ளை.

இலையுதிர் காலத்தில் அவனுக்குக் கணையப் புற்றுநோய் என்றார்கள். லாரி வாசலில் நின்றது. அறுவடை முடிந்ததும் இயந்திரத்தின் இன்சூரன்ஸை நிறுத்திவைப்பது எங்கள் ஊர் விவசாயிகளின் வழக்கம். விவசாயி மகளான ஆர்லீன், நிற்கிற வண்டிதானே என்று லாரிக்கும் அப்படியே செய்தாள். லாரிக்கு இன்சூரன்ஸ் நின்றால் வாஷிங்டனுக்குத் தகவல் போகும், அனுமதியும் ரத்தாகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இனி வைத்தியம் இல்லை என்று பனிக்காலத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னலோரம் கட்டில் போட்டோம்.

"ஏன் ஆர்லீன், லாரி சும்மா நிக்குது? நீ ஒரு லோடு அடிச்சிட்டு வாயேன்."

"பனி ஜாஸ்தியா இருக்கு."

"பனிக்குப் பயப்படுற ஆளா நீ? அயோவா பூரா என்னைத் தூங்க வச்சிட்டு நீதானே ஓட்டின!"

தினமும் இதே கேள்வி. ஒரு நாள் நான் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு எடுத்துப் போயிருந்தேன். ஆர்லீன் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்து விம்மினாள்.

"உன் நம்பரை நானே கொன்னுட்டேன், வெண்டல்."

எல்லாவற்றையும் கொட்டினாள். "இன்சூரன்ஸைத் திரும்பப் போட்டா அந்த நம்பருக்கு உயிர் குடுப்பாங்களாம். நாளைக்கே போடுறேன்."

அவன் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றான். "அது என் பேர்ல இருக்கு. நான் போனா அதுவும் என்னோட வந்துடும். உன் பேர்ல புதுசா ஒண்ணு எடு."

"புது நம்பருக்கு யாரு லோடு குடுப்பா? நாய்கூடச் சீண்டாது!"

"எனக்கு மட்டும் எடுத்த உடனே இறைச்சியா குடுத்தாங்க? கோழி எரு லோடுதான் அடிச்சேன். அந்த நாத்தத்தோடதான் நீ என்னைக் கட்டிக்கிட்ட."

அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள். நான் சமையலறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றே விண்ணப்பித்தாள். அவள் பெயரில் இன்சூரன்ஸ் பதிவானது. பிறகு காத்திருப்பு. நோய் காத்திருக்குமா? அவன் வற்றிக்கொண்டே போனான்.

பனி உருகத் தொடங்கியபோது அனுமதி வந்தது. ஆர்லீன் லாரியை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினாள். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டிக் கதவில் ஒட்டியிருந்த அவன் பெயரை உரித்தாள். ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுத்துகள் மறைத்திருந்த, வெயில் படாத இடத்தில் மட்டும் பெயின்ட் புதுசாக, அவன் பெயர் இன்னும் படிக்கும்படி இருந்தது. அதன் மேலேயே தன் பெயரையும் எண்ணையும் ஒட்டினாள்.

வெண்டல் தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"புதுக் கம்பெனியா இருக்கே," என்றான். "நம்பி லோடு குடுக்கலாமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த வாரம் அவளுக்குக் கிடைத்தது, யாரும் தொடாத ஒரு லோடு. டெமாய்ன் நகருக்குக் காலி முட்டைப் பெட்டிகள். ஆர்லீன் அதை வாங்கிக்கொண்டு தனியாக ஓட்டிப் போனாள்.