அத்தானின் பாதி

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். தன்னாமுனையில் எங்கள் வளவுக்குள் அம்மா இரண்டு வீடு கட்டினார். ஒன்று அக்காவுக்கு, மற்றது எனக்கு. அப்பா இல்லாத குடும்பத்தில் அதை எப்படிக் கட்டி முடித்தார் என்று சொல்லத் தொடங்கினால் எனக்கு அழுகை வரும். அந்தக் கதையை விடுவோம்.

அக்காவின் வீட்டுக்கு அவள் கலியாணத்துக்கு முதலே அவள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதியாயிற்று. மற்ற வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு இன்னும் கலியாணம் பேசியிருக்கவில்லை. வீட்டை நேரே என் பெயருக்கு எழுதலாமே என்றார் உறுதி எழுதுகிற நொத்தாரிசு. அம்மா ஒப்பவில்லை.

"இப்பவே எழுதினா, வாற மாப்பிள்ளைப் பகுதி அதக் கணக்கிலயே எடுக்காது ஐயா. வீடு கிடக்கட்டும், இனி என்ன தாறீங்க எண்டுதான் கேப்பாங்க."

அதுவும் நியாயம்தான், ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். ஆகவே அக்கா பெயரில் எழுதி வைப்பது, எனக்குக் கலியாணம் சரிவந்ததும் அவள் மாற்றித் தருவது என்று முடிவானது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு மூத்த மருமகன் மேல் அப்படியொரு மரியாதை. அத்தான் படியேறினால் கதிரையைத் துடைத்துப் போடுவார், குழம்பில் நல்ல துண்டெல்லாம் அவருக்குத்தான் போகும். அவரை விட்டுவிட்டு எழுதினால் மனுசன் என்ன நினைப்பார் என்று இரண்டு பேரின் பெயரையும் போடச் சொன்னார்.

நொத்தாரிசு பேனையை வைத்துவிட்டார். "அப்ப, இளைய மகளுக்காக இவங்க ரெண்டு பேரும் பொறுப்பா வச்சிருக்காங்க எண்டு ஒரு வசனம் போடுவம். நம்பிக்கைப் பொறுப்பு எண்டு சொல்லுறது. பிறகு பிரச்சினை வராது."

"ஐயோ, வேணாம் ஐயா. மருமகனக் கள்ளன் எண்டு எழுதுற மாதிரியெல்லோ இருக்கும்."

அத்தான் கள்ளனில்லை. இதை எங்கே கேட்டாலும் சொல்வேன். அம்மா செத்த பிறகும், மழைக்கு ஓடு ஒழுகினால், "தங்கச்சி, உன்ட வீட்டு ஓட்ட மாத்தவேணும்" என்றுதான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார். கதிரவெளியில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, லொறியில் கொழும்புக்கு அனுப்புவது அவர் தொழில். அதற்கு மட்டக்களப்பில் ஒரு பினான்ஸ் கம்பனியில் கடன் எடுத்தார். சொத்து இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பெயர் இருந்த உறுதி என்னுடைய வீட்டுடையது மட்டும்தான். சும்மா ஒரு பேச்சுக்குத்தானே என்று அதன் கொப்பியைக் காட்டிவிட்டார். பிறகு டீசல் இல்லாத காலம் வந்தது. லொறி வரிசையில் நின்றது, மீன் பெட்டிக்குள்ளேயே நாறியது. கடனைக் கட்ட முடியவில்லை, கம்பனி வழக்குப் போட்டு வென்றது.

எங்கள் சட்டத்தரணி நல்ல பெண்பிள்ளை. பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"அக்காட வீட்டத் தொட ஏலாது. அது அவட தனிச் சொத்து, புருசன்ட கடன் அதில ஒட்டாது. ஆனா உங்கட வீட்டில பாதி அவர்ட பேரில கிடக்கு. அந்தப் பாதிய விப்பாங்க."

கடன்பட்டவர் குடியிருக்கிற வீடு தப்பியது. ஒரு சதமும் கடன்படாத என்னுடைய வீடு ஏலத்துக்கு. எனக்கு வந்த கோபத்தை யாரில் காட்டுவது? அம்மாவின் படத்தில்தான் காட்டவேண்டும்.

"இப்ப அந்த வசனத்த எழுத ஏலாதா?" என்று அக்கா கேட்டாள்.

"கடன் வந்த பிறகு எழுதினா, கடன்காரர ஏமாத்த எழுதினதெண்டுதான் நீதிமன்றம் எடுக்கும். உங்கட பேரில இருக்கிற பாதியையும் இப்ப தங்கச்சிக்கு மாத்தாதீங்க, வழக்கு முடியட்டும்."

நொத்தாரிசு உயிரோடு இல்லை. மிச்சமிருந்த ஒரே வழி, அத்தான் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொல்வது. சொன்னார். அம்மா பேசியது, நொத்தாரிசு கேட்டது, எல்லாம் உள்ளபடி. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி ஒன்றைத்தான் கேட்டார்: "உங்கட வீடில்லையெண்டா ஏன் அந்த உறுதியக் காட்டிக் கடன் எடுத்தீங்க?" "சும்மா ஒரு பேச்சுக்குத்தான் ஐயா" என்றார் அத்தான். அவர் சொன்னது முழுக்க உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நீதிபதியாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தோற்றுப்போனோம்.

இப்போது வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பாதி என்றால் எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது. சமைக்கிற குசினியும் அதில்தான், நான் படுக்கிற அறையும் அதில்தான். போன கிழமை டவுனிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். அந்த அம்மா குசினியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க இதில வாடகைக்கா இருக்கிறீங்க?" அன்பாகத்தான் கேட்டார்.

வாசலில் நின்ற அத்தான் வாயைத் திறந்தார். திரும்பவும் முதலிலிருந்து சொல்லப்போகிறார், இவர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள். அதை இன்னொரு தடவை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"ஓம், வாடகைக்குத்தான்," என்றேன்.

"அப்ப வீட்ட விட்டு எழும்புறது லேசுதானே," என்று சொல்லிக்கொண்டு அந்த அம்மா என் அறைக்குள் போனார்.